இழுத்து அளந்தால் நாற்பது

திருவொற்றியூர்
20.4.2025

தேசப்பனுக்கு,

எனக்குப் பதில் தெரியாத ஒரு கேள்வி இருக்கிறது. உன் லாஞ்ச் படகு இழுத்துக்கொண்டு போகும் வலையின் கடைசியில் மீன் சேரும் மடி இருக்கிறதே, அதன் கண்ணிகள் தண்ணீருக்கு அடியில் என்ன வடிவத்தில் இருக்கின்றன?

போனில் கேட்டிருப்பேன். மூன்று வருடத்தில் நான்கு முறை அழைத்தேன், நீ எடுக்கவில்லை. அதனால் தபால்.

கேள்வி எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். பால்கனியில் புறா வராமல் இருக்க நைலான் வலை கட்டியிருக்கிறேன். கட்டிய ஆள் மேல்பாதியை விறைப்பாக இழுத்துக் கொக்கிகளில் மாட்டிவிட்டு, கீழே வந்ததும் பொறுமை இழந்து தொளதொளவென்று விட்டுவிட்டார். போன வாரம் ஓர் அணில் மேலே நாலைந்து கண்ணிகளில் மூக்கை நுழைத்துப் பார்த்தது. முடியவில்லை. கீழே இறங்கி வந்து ஒரே மூச்சில் உள்ளே நுழைந்து, நான் காயவைத்திருந்த வேர்க்கடலையில் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்த வழியே போயிற்று. கிழிசல் இருக்கும் என்று நினைத்து ஸ்கேலோடு போனேன். கிழிசல் இல்லை. மேலே உள்ள கண்ணியிலும் கீழே உள்ள கண்ணியிலும் நான்கு பக்கமும் முப்பத்தைந்து மில்லிதான். கீழே கிட்டத்தட்டச் சதுரம். மேலே, இழுபட்டு ஒடுங்கிய சாய்சதுரம்.

நான்கு பக்கமும் சமம், எதிர்ப்பக்கங்கள் இணை, மூலைவிட்டங்கள் ஒன்றையொன்று செங்குத்தாக நடுவில் வெட்டும். இது சதுரத்துக்கும் சாய்சதுரத்துக்கும் பொது. மூலைவிட்டங்கள் இரண்டும் ஒரே நீளம் என்பது சதுரத்துக்கு மட்டும் உள்ளது. ஆகவே பக்கத்தை மட்டும் அளந்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. இருபத்து மூன்று வருடமாகக் கல்லூரியில் கணிதம் நடத்துகிறேன். இது பள்ளிக்கூடத்துப் பாடம். ஆனாலும் 2022 ஜூலையில் மீன் ஏலக்கூடத்தில் உன் மடியை அளந்தபோது நான் பக்கத்தை மட்டும்தான் அளந்தேன்.

அன்று நான் செய்தது தவறா என்று எனக்கு இன்னும் உறுதியாகத் தெரியவில்லை. தெரியாததால்தான் எழுதுகிறேன்.

வினிதாவுக்குப் பரீட்சை எப்போது?

மலர்விழி


காசிமேடு
28.4.2025

யக்காவுக்கு தேசப்பன் எழுதிக்கொள்வது.

லெட்டர் வந்துச்சு. வினிதாதான் "அத்த கிட்டேர்ந்து வந்துகீது நைனா"ன்னு கொண்டாந்து குட்த்தா. ரெண்டு நாள் பிரிக்காம வெச்சிருந்தேன். இப்ப மீன்பிடி தடைக்காலம், லாஞ்ச் எல்லாம் கட்டிக் கெடக்குது, வேல இல்ல, அதான் பிரிச்சேன். உன்கிட்ட பேச மாட்டேன்னு சத்தியம் பண்ணிகீறேன். எழுத மாட்டேன்னு பண்ணல.

அணில் கத சோக்காத்தான் கீது. ஆனா நடந்தத நீ ரெண்டு வரில முட்ச்சிட்ட. நான் முழுசா சொல்றேன்.

முகத்துவாரக்குப்பத்து ஃபைபர் போட்டுக்காரங்க சங்கத்துல வந்து பிராது குட்த்தாங்க. தேசப்பன் லாஞ்ச் குஞ்சு மீன வாரிகினு போவுது, அவன் கண்ணி சின்னதுன்னு. நம்ப சங்கம் வெச்ச அளவு நாப்பது மில்லி. என் கண்ணி நாப்பது. யாரு அளக்கறதுன்னு தலைவர் சண்முகவேல் அண்ணன் கேட்டப்ப நான்தான் சொன்னேன்: "எங்க யக்கா கணக்கு புரபசரு, அது அளக்கட்டும், அது யாருக்காவவும் பொய் சொல்லாது." நானே வந்து உன்ன ஆட்டோல இட்டுகினு போனேன்.

நீ பித்தள ஸ்கேல எடுத்து ஒரு முடிச்சுலேர்ந்து பக்கத்து முடிச்சுக்கு வெச்ச. இருவதுன்ன. நான் சொன்னேன்: "யக்கா, கண்ணிய அப்டி அளக்க மாட்டாங்க. எதிரும் புதிருமா ரெண்டு முடிச்சப் புட்ச்சு இழுத்து அளக்கணும். காசிமேட்டுலயும் அப்டித்தான், வல செய்யற கம்பெனிலயும் அப்டித்தான்." அதுக்கு நீ இன்னா சொன்ன? "இழுத்து அளந்தா எதுவும் நீளும். அது அளவு இல்ல, ஏமாத்து." அறுவது பேரு முன்னாடி சொன்ன. தாள்ல அதயே எழுதி கையெழுத்தும் போட்ட.

முப்பது நாள் லாஞ்ச கரைல கட்டுனாங்க. அது போவட்டும். மடிய அங்கயே கத்தி போட்டுக் கிழிச்சாங்க. அதுவும் போவட்டும். இன்னிக்கு வரிக்கும் எனக்கு பேரு கள்ளக்கண்ணி. தேசப்பன்னு கேட்டா துறைமுகத்துல யாருக்கும் தெரியாது, கள்ளக்கண்ணின்னு கேளு, கை காட்டுவான். வினிதா காலேஜ் பஸ்ல ஏறுனா "கள்ளக்கண்ணி பொண்ணு வருது, எடம் வுடு"ன்றானுங்க. அவ சிரிச்சிகினே சொன்னா. சிரிச்சிகினே சொன்னதுதான் பேஜாரா கீது.

உன் கேள்விக்கு பதில் எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். நீயே கண்டுபுடி.

தேசப்பன்


திருவொற்றியூர்
4.5.2025

தேசா,

பஸ் விஷயம் எனக்குத் தெரியாது. தெரியாது என்பது சமாதானம் ஆகாது என்பதும் தெரியும்.

கண்டுபிடி என்றாய். நான்கு ஐஸ்கிரீம் குச்சிகளின் முனைகளில் துளை போட்டு, குண்டூசியால் கோத்து ஒரு நாற்கரம் செய்தேன். இழுத்தேன், அமுக்கினேன். ஒவ்வொரு நிலையிலும் இரு மூலைவிட்டங்களையும் அளந்து குறித்தேன். உன் கண்ணியின் அளவுக்கு மாற்றிச் சொல்கிறேன். பக்கம் இருபது மில்லி. சதுரமாக நின்றால் இரண்டு மூலைவிட்டமும் இருபத்தெட்டுச் சொச்சம். ஓட்டையின் பரப்பு நானூறு. கொஞ்சம் இழுத்து ஒன்று முப்பத்திரண்டு ஆனால் மற்றது இருபத்துநான்கு. பரப்பு முந்நூற்று எண்பத்துநான்கு. இதுவரை பெரிய நஷ்டம் இல்லை. முப்பத்தொன்பதுக்கு இழுத்தால் மற்றது ஒன்பதுகூட இல்லை. பரப்பு நூற்று எழுபத்துமூன்று. நாற்பதுக்கு இழுத்தால் இரண்டு முடிச்சுகளும் ஒன்றின்மேல் ஒன்று ஒட்டிக்கொள்கின்றன. பரப்பு பூச்சியம்.

நான் எழுதிய இருபதும் நீ சொன்ன நாற்பதும் ஒரே கண்ணிதான். அதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்று இடிக்கிறது. நீங்கள் நாற்பது என்று அளக்கும் அந்தக் கணத்தில் அங்கே ஓட்டையே இல்லை. ஓட்டை முழுசாக மூடிக்கொள்ளும் நிலையில் ஓட்டையின் அளவைச் சொல்கிறீர்கள். அன்று எனக்கு எரிச்சல் வந்தது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

அப்புறம் மூன்று குச்சிகளைக் கோத்துப் பார்த்தேன். அசையவே இல்லை. மூன்று பக்கங்கள் முடிவானால் முக்கோணத்தின் வடிவமும் முடிவாகிவிடுகிறது. நான்கு பக்கங்கள் முடிவானாலும் நாற்கரம் இன்னும் முடிவாவதில்லை. அப்படியானால் முக்கோணக் கண்ணி வைத்து ஏன் யாரும் வலை பின்னவில்லை? இழுத்தாலும் மூடாதே. உங்களுக்கு இத்தனை வருடத்தில் தோன்றாமலா இருக்கும்?

மலர்விழி


காசிமேடு
12.5.2025

யக்கா,

குச்சி வெச்சிகினு கடல்ல எறங்கிட்ட. சரி.

முக்கோணம் ஏன் இல்லன்னு கேட்ட. இது கேள்வி. நான் ஒரு அர மணி நேரம் வலைய வெச்சிகினு குந்தியிருந்தேன். இப்ப நம்ப கண்ணில ஒரு முடிச்சுல நாலு நூல் வந்து சேருது, பாத்துக்கோ. முக்கோணமா பின்னுனா ஆறு நூல் வந்து சேரணும். ஆறு நூல முடிச்சு போட்டா அது சுண்டைக்கா மாரி ஆயிடும். கைல குத்தும். தண்ணிய மறிக்கும், லாஞ்ச் இழுக்க மாட்டாம மொனகும். அதான் இல்ல. ஆறு பக்கம் வெச்சா மூணே நூலு. கோழிக் கூண்டு கம்பி பாத்துகீறியா, அது அப்டித்தான். அஞ்சு பக்கத்துல நான் எதுவும் பாத்ததில்ல. அது ஏன்? நீ சொல்லு.

இப்ப உன் மொத கேள்வி. சொல்ல மாட்டேன்னேன், ஆனா நீ தப்பா யோசிச்சிகினு போற, பாக்க முடியல. எல்லா கண்ணியும் ஒரே மாரி மூடிக்கும்னு நெனச்சிகினு கீற. அப்டி கெடயாது. மீனு சேந்தா மடியோட கடசி பூசணிக்கா மாரி உப்பும். அங்க கண்ணி நல்லா தெறந்துதான் இருக்கும். ஆனா அங்க மீனு மேல மீனு அழுத்திகினு கெடக்கும், எது வெளில போவும்? அதுக்கு ரவ முன்னாடி மடி இடுப்பு கட்டிக்கும். அங்கதான் கண்ணி இழுபட்டு மூடுது. உசுரோட நீந்திகினு இருக்கற குஞ்சு அங்கதான் இருக்கும். தூக்கும்போது பாக்கறேனே, தெனமும் பாக்கறேனே. ஒரே மடில ஒரு எடத்துல கண்ணி தொறப்பு, இன்னொரு எடத்துல கோடு.

அத்தோட இன்னொண்ணு. நாப்பதுன்னு அளக்கும்போது ஓட்ட இல்லன்னு எழுதிகீற. சரிதான். ஏன் இழுத்து அளக்கறோம்னா, சும்மா வெச்சு அளந்தா ஒரு ஒரு தபாவும் ஒரு ஒரு அளவு வரும். ஒருத்தன் அகட்டி அளப்பான், ஒருத்தன் ஒடுக்கி அளப்பான். கடசிவரிக்கும் இழுத்தா எவன் இழுத்தாலும் ஒரே அளவு. சண்ட வராது. அதுக்குத்தான்.

நான் பேசணும்னா ஒண்ணே ஒண்ணுதான். அதே ஏலக்கூடத்துல, அதே ஆளுங்க முன்னாடி நின்னு, தேசப்பன் கண்ணி நாப்பதுதான்னு நீ சொல்லணும். லெட்டர்ல ஒப்புக்கினது எனக்கு போதும். வினிதா பஸ்ஸுக்கு போதாது.

தேசப்பன்


திருவொற்றியூர்
20.5.2025

தேசா,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். எவன் இழுத்தாலும் ஒரே அளவு என்ற வரிக்கு என்னிடம் மறுப்பு இல்லை. பெரும நிலையில் அளக்கிறீர்கள். அங்கே கை மாறினால் எண் மாறாது. நான் அதை ஏமாற்று என்று சொன்னேன்.

ஐந்து பக்கம் ஏன் இல்லை என்று கேட்டாய். ஒரு புள்ளியைச் சுற்றி மொத்தம் முந்நூற்று அறுபது பாகை. சமபக்க முக்கோணத்தின் மூலை அறுபது. ஆறு மூலைகள் கூடினால் இடைவெளியில்லாமல் நிரம்பும். சதுரத்தின் மூலை தொண்ணூறு, நான்கு. ஒழுங்கான அறுகோணத்தின் மூலை நூற்றிருபது, மூன்று. ஒழுங்கான ஐங்கோணத்தின் மூலை நூற்றெட்டு. மூன்று வைத்தால் முப்பத்தாறு பாகை மிச்சம் நிற்கும். நான்கு வைத்தால் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அதனால் ஒரே மாதிரி ஐங்கோணங்களால் வலை பின்ன முடியாது. ஆறு நூல், நாலு நூல், மூன்று நூல் என்று நீ முடிச்சில் எண்ணியதும் இதுவும் ஒரே கணக்கு. நான் மூலைகளைத்தான் எண்ணியிருக்கிறேன். அந்த இடத்தில் ஒரு முடிச்சு விழும், அது கையில் குத்தும் என்று யோசித்ததே இல்லை.

ஒரு யோசனை தோன்றுகிறது. முக்கோணம் வேண்டாம். இப்போதைய கண்ணியையே நாற்பத்தைந்து பாகை திருப்பிக் கட்டினால் என்ன? இப்போது நீங்கள் இழுப்பது மூலைவிட்டத்தின் வழியாக, அதனால் ஒடுங்குகிறது. பக்கத்தின் வழியாக இழுத்தால் இழுவையை இரண்டு பக்கங்கள் தாங்கும், குறுக்குப் பக்கங்கள் சும்மா நிற்கும், சதுரம் சதுரமாகவே இருக்கும். அதே நூல், அதே முடிச்சு, இழுத்து அளந்தால் அதே நாற்பது. படம் வரைந்து இணைத்திருக்கிறேன். உன் பூசணிக்காய் இடுப்பில் இது எப்படி நடந்துகொள்ளும் என்று எனக்குத் தெரியாது.

ஏலக்கூடத்துக்கு வருவது பற்றி. வந்து நாற்பது என்று மட்டும் சொன்னால் அது அரைப் பதில். அவர்கள் கேட்டது கண்ணியின் எண்ணை அல்ல. குஞ்சு ஏன் மாட்டுகிறது என்று. அது தெரிந்த பிறகு, இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை என்று தோன்றுகிறது. கொஞ்சம் பொறு.

மலர்விழி


காசிமேடு
29.5.2025

யக்கா,

மூணு வருஷம் பொறுத்தேன். இன்னும் கொஞ்சம் பொறுன்ற.

உன் படத்த வெச்சு ரெண்டு பை தெச்சேன். ஒரே வல, ஒரே நூலு. ஒண்ணு எப்பவும் போல. இன்னொண்ணு நீ சொன்ன மாரி சாய்ச்சு வெட்டி, திருப்பி. ரெண்டுலயும் அடில அஞ்சு கிலோ கல்லு கட்டி லாஞ்ச் கம்பத்துல தொங்கவுட்டேன். எப்பவும் போல தெச்சது பாம்பு சட்ட மாரி ஒடுங்கிப் போச்சு. திருப்பித் தெச்சது டவுசர் மாரி அகலமா நின்னுச்சு. வினிதா கடைலேர்ந்து கோலி குண்டு நூறு வாங்கியாந்தா. பைக்கு அம்பது. மேலேர்ந்து கொட்டி பத்து தபா உலுக்குனோம்.

எப்பவும் போல தெச்ச பைல முப்பத்தொண்ணு உள்ள நின்னுச்சு. திருப்பித் தெச்சதுல நாலு.

மறுபடி பண்ணோம். இருவத்தொம்பது, ஆறு. இன்னொரு தபா. முப்பத்திமூணு, நாலு.

யக்கா, இது எனக்கு ஆகாத கணக்கு. முகத்துவாரக்குப்பத்துக்காரங்க சொன்னது நெசம்னு ஆவுது. என் கண்ணி நாப்பதுதான், ஆனா குஞ்சு வெளில போவல. இத்த நான் எழுதாம வுட்ருக்கலாம். லாஞ்ச் மேல நானும் வினிதாவும் மட்டும்தான் இருந்தோம். யாரும் பாக்கல. ஆனா எழுதறேன். ஏன்னு கேட்டா, நான் ஏமாத்துக்காரன் இல்ல.

திருப்பித் தெச்சதுலயும் கோளாறு கீது. உலுக்க உலுக்க ரெண்டு மூணு முடிச்சு நழுவிச்சு. அத்த எப்டி நிறுத்தறதுன்னு தெரியல.

படம் அனுப்பாத. பதில் அனுப்பு.

தேசப்பன்


திருவொற்றியூர்
3.6.2025

தேசா,

வருகிறேன். நாளையும் நேரத்தையும் நீ சொல்.

உன் கோலிக் கணக்கைச் சரிபார்த்தேன். கடையில் வாங்கி அளந்தேன். விட்டம் பதினாறு மில்லி. சதுரக் கண்ணிக்குள் இருபது மில்லி வட்டம் அடங்கும், அதனால் கோலி போய்விடும். கண்ணி ஒடுங்கி நீண்ட மூலைவிட்டம் முப்பத்தாறை எட்டிவிட்டால் பதினாறு அடங்காது. நீ எழுதிய எண்கள் இதோடு ஒத்துப்போகின்றன.

சரிபார்த்த பிறகுதான் உறைத்தது. நீயே உனக்கு எதிராக எழுதி அனுப்பிய கணக்கைக்கூட நான் சரிபார்க்காமல் நம்பவில்லை. 2022-ல் உனக்கு எதிராக நான் சொன்னதை மட்டும் ஒருமுறைகூடச் சரிபார்க்கவில்லை.

இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை என்று எழுதினேன். அது தள்ளிப்போடுவதற்கு நான் கண்டுபிடித்த காரணம். குஞ்சு மாட்டுவது ஒரு விஷயம். நீ ஏமாற்றினாய் என்று நான் சொன்னது வேறு விஷயம். இரண்டாவதற்கு எந்தச் சோதனையும் தேவையில்லை.

எனக்குக் கூட்டத்தில் பேச வராது. வகுப்பு வேறு, அங்கே யாரும் திருப்பிக் கேட்பதில்லை.

மலர்விழி


காசிமேடு
8.6.2025

யக்கா,

பதிமூணாந்தேதி வெள்ளிக்கெழம, நாலு மணி, ஏலக்கூடம். பதினாலோட தடை முடியுது, அதனால எல்லாரும் துறைமுகத்துலதான் இருப்பாங்க. முகத்துவாரக்குப்பத்து கெங்கம்மாவும் வருது. மொத மொத பிராது குட்த்தது அதுதான். வாய் ஜாஸ்தி. பயப்படாத.

கிழிச்ச மடிய நான் தூக்கிப் போடல. மூணு வருஷமா கட்டுலுக்கு அடில வெச்சிகீறேன். எடுத்துகினு வரேன். நீ அந்த பித்தள ஸ்கேல எடுத்துகினு வா. வேற ஸ்கேல் வாணாம்.

நீ சொல்ற வரிக்கும் நான் பேச மாட்டேன். பக்கத்துல வந்து நின்னாலும் பேச மாட்டேன். கோச்சிக்காத, சத்தியம்.

தேசப்பன்


திருவொற்றியூர்
12.6.2025, மாலை

தேசா,

இது உன் கைக்கு வருவதற்குள் நாளை முடிந்துவிடும். இருந்தாலும் எழுதுகிறேன், எழுதினால்தான் எனக்கு யோசனை ஒழுங்காக வருகிறது.

நாளை மூன்று விஷயம் சொல்லப்போகிறேன். முதலில், சதுரம், சாய்சதுரம் இரண்டுக்கும் பொதுவான பண்புகள் எவை, எதில் மாறுபடுகின்றன என்று. இரண்டாவது, இழுத்து அளப்பது ஏன் நம்பகமான முறை என்று. மூன்றாவது, உன் கண்ணி சங்கத்து விதிப்படி நாற்பது என்று. வரிசை முக்கியம், காரணம் புரியாமல் முடிவைச் சொன்னால் அக்காள் தம்பிக்காகப் பேசுகிறாள் என்பார்கள். குச்சிகளையும் எடுத்து வைத்திருக்கிறேன். ஏழு நிமிடம் ஆகும். கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தேன், ஆறே முக்கால்.

அவர்கள் நம்புவார்களா என்று தெரியவில்லை. நான் அவர்கள் இடத்தில் இருந்தால் நம்பமாட்டேன்.


13.6.2025, இரவு எட்டு மணி

நேற்று எழுதியதைத் தபாலில் போடவில்லை. அதே தாளில் தொடர்கிறேன். நீ அங்கேயே இருந்தாய், உனக்குத் தெரியாதது எதுவும் இல்லை. ஆனாலும் என் கையெழுத்தில் ஒரு தாள் மூன்று வருடம் சங்கத்துக் கோப்பில் இருந்தது. அதனால் நடந்ததும் என் கையெழுத்தில் இருக்கட்டும்.

நாலேகாலுக்கு ஆரம்பித்தார்கள். ஐம்பது பேர் இருக்கும். குச்சிகளை எடுத்து, "சதுரத்துக்கும் சாய்சதுரத்துக்கும்" என்று தொடங்கினேன். பின்னால் யாரோ, "புரபசரம்மா, பரீட்ச எப்ப வைப்ப, அட்டெண்டன்ஸ் உண்டா?" என்றார். சிரித்தார்கள். குச்சிகளில் ஒரு குண்டூசி கழன்று விழுந்தது. தேடினேன், கிடைக்கவில்லை. நிமிர்ந்தபோது நீ தூணோரம் கிழிந்த மடியைத் தோளில் போட்டுக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றிருந்தாய். முதல் இரண்டு விஷயங்களும் எனக்கு மறந்துபோயின.

அதனால் மூன்றாவதில் ஆரம்பித்தேன். உன்னிடமிருந்து மடியை வாங்கி, கெங்கம்மாவிடம் கொடுத்து, "நீங்களே இழுங்க" என்றேன்.

"நானா? கிழிஞ்சா என் மேல போடாத."

"ஏற்கெனவே கிழிஞ்சதுதான்."

அவர் இரண்டு முடிச்சுகளையும் பிடித்துப் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். ஸ்கேலைச் சண்முகவேலிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார். "நாப்பது. ஒரு நூல் தாண்டியே கீது." இன்னும் மூன்று பேர் வந்து இழுத்தார்கள். நாற்பது, நாற்பது, நாற்பது.

நான் சொன்னது இவ்வளவுதான்: "சங்கம் வெச்ச அளவுக்கு இந்தக் கண்ணி சரி. நான் அளந்தது பக்கத்தை. நீங்க அளக்கறது இழுத்த நீளத்தை. எனக்கு உங்க முறை தெரியல. தெரியாததை ஏமாத்துன்னு சொன்னேன். என் தம்பி ஏமாத்தல." முப்பது நொடி ஆகியிருக்காது.

சண்முகவேல் கோப்பிலிருந்து பழைய தாளை எடுத்து வைத்தார். கிழித்துவிடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். இருபது என்று எழுதியிருந்ததை அடிக்கவில்லை; அது உண்மைதான். அதன் முன்னால் "பக்கம்" என்று சேர்த்தேன். கீழே "இழுத்த நீளம் நாற்பது, விதிப்படி சரி" என்று எழுதினேன். "ஏமாற்று" என்ற ஒரு சொல்லை மட்டும் அடித்துக் கையெழுத்திட்டேன். வினிதா பக்கத்தில் நின்று அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டாள். எதற்கு என்று கேட்டேன். "பஸ்ஸுக்கு அத்த" என்றாள்.

கெங்கம்மா விடவில்லை. "எல்லாம் சரிம்மா. கண்ணி நாப்பது. அப்ப எங்க பக்கம் குஞ்சு இன்னாத்துக்குக் கொறஞ்சுது? அவன் லாஞ்சுல கூட கூடயா எறங்குதே, அது எங்கேர்ந்து வருது?" பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் நீ தூணிலிருந்து நகர்ந்து வந்து, "அது நான் சொல்றேன், கேளு" என்றாய். என்னைப் பார்க்காமல் கெங்கம்மாவிடம்தான் சொன்னாய். அந்த இரண்டு பைகளையும் எங்கே வைத்திருந்தாய் என்று நான் கவனிக்கவில்லை.

கூடத்து உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டாய். வினிதா கோலிகளைக் கொட்டினாள். எண்ணியது சண்முகவேல். பழைய பையில் முப்பத்துநான்கு நின்றன. திருப்பித் தைத்ததில் ஐந்து. தரையில் உருண்ட கோலிகளைப் பொறுக்கியபடி ஒருவர், "நம்ப வலை எல்லாத்துலயும் இதே கததானடா" என்றார். உன் பேரைச் சொல்லி யாரும் எதுவும் சொல்லவில்லை. நான் காத்திருந்து கவனித்தேன். கள்ளக்கண்ணி என்ற பேச்சு ஒருமுறைகூட வரவில்லை. ஒரு மாலையை வைத்து இதற்கு மேல் எதுவும் முடிவு செய்ய முடியாது.

"பதினஞ்சாந்தேதி இத்தக் கட்டிகினு போ, பாப்போம்" என்றார் கெங்கம்மா.

"போறேன். எறா கொறஞ்சுதுன்னா உன் வூட்டு வாசல்ல வந்து குந்திக்குவேன்."

"குந்து. கொழம்பு ஊத்தறேன்."

பிறகு அவர் ஒடுங்கும் கண்ணியைத் தன் கண்ணாலேயே பார்க்க வேண்டும் என்று பைக்குள் முகத்தை வைத்தார். சண்முகவேலும் குனிந்தார். நீ அவர்களுக்கு இடுப்புப் பகுதியை விரலால் காட்டிக்கொண்டிருந்தாய். வெயில் மேற்கு வாசல் வழியாகச் சாய்ந்து வந்துகொண்டிருந்தது. நான் அந்த வாசலில் நின்றிருந்தேன்.

நீ தலையைத் தூக்கினாய். "யக்கா, ரவ நவுரு. நெழல் வுழுது."

நகர்ந்தேன்.